ஒற்றைப்படைத் தேதியில் ஒழுகும் வீடு

ஆல்கோட் கூரை மாற்ற அனுமதி கேட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனது ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. கேட்காமலே மாற்றியிருக்கலாம். எழுபத்து நாலு வயதில் அவர் செய்த பெரிய முட்டாள்தனம், ஒழுங்காகப் போய்க் கேட்டதுதான்.

வாசலில் இருந்த மெஷினில் சீட்டு எடுத்தார். நாற்பத்தேழு. பலகையில் நாற்பத்தாறு என்று எரிந்துகொண்டிருந்தது. கூடத்தில் அவரைத் தவிர ஆள் இல்லை. அந்த நாற்பத்தாறு யார், எங்கே போனான், எப்போது முடிப்பான் என்று தெரியாமல் இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தார்.

கட்டடப் பிரிவு ஆள் வருவான் என்று பார்த்தால், பெரிய மரக் கம்மல் போட்ட ஒரு பெண் தட்டை ஏந்திக்கொண்டு வந்தாள். தட்டில் காபியும் இரண்டு இலவங்கப்பட்டை ரொட்டியும் இருந்தன. ஸ்கார்விக் நகராட்சியில் ரொட்டி வந்தால் நல்ல சேதி வராது. அவர் நாற்பத்தோரு வருஷம் வாள் தீட்டின மரம் அறுக்கும் மில்லை மூடினபோது ஆளுக்கு மூன்று ரொட்டி கொடுத்தார்கள்.

"ஆல்கோட், நீ வந்ததுல எங்களுக்கு ரொம்ப சந்தோஷம்" என்றாள். "நான் பெர்நில்லா. இலக்கிய மரபு ஒருங்கிணைப்பாளர்."

"நான் கூரை விஷயமா வந்தேன்."

"நானும் கூரை விஷயமாத்தான் வந்திருக்கேன்."

முன்னெல்லாம் அதிகாரி எழுந்து நின்று, நீங்கள் என்று மரியாதையாகச் சொல்லி, இல்லை என்பான். இப்போது நீ என்று தோளில் கைபோட்டு இல்லை என்கிறார்கள். ஆல்கோடுக்கு முந்தினதே தேவலை. அதில் தோளாவது மிஞ்சியது.

பெர்நில்லா பையிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். பக்கத்துக்குப் பக்கம் கலர் கலராகச் சீட்டு ஒட்டியிருந்தது. 'நனைந்த கூரையின் கீழ்'. கொர்னேலியா ப்ரூசேவும் ஈவார் டேகெல்மார்க்கும் சேர்ந்து எழுதின துப்பறியும் நாவல். முப்பத்தோரு மொழியில் வந்தாயிற்று. கதை நடப்பது ஸ்கார்விக்கில். அந்த ஊரில் ஐம்பது வருஷத்தில் நடந்த குற்றம் என்றால் ஒரு சைக்கிள் திருட்டுப் போனது. அதுவும் மறுநாள் காற்றடித்துத் திரும்பி வந்துவிட்டது. நாவலில் ஏழு கொலை.

அவள் புத்தகத்தைத் திறந்து குரலைத் தாழ்த்தி வாசித்தாள். "'கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டும் ஒரு குற்றச்சாட்டு.' ஆல்கோட், இது உன் வீடு."

"அதுல வீட்டுக்காரன் செத்துட்டான்னு ஊர்ல சொன்னாங்களே."

"ஆமா. முதல் அத்தியாயத்துலயே."

"நான் சாகல."

"அதுல எங்களுக்கு ஆட்சேபணை எதுவும் இல்ல" என்றாள் பெர்நில்லா.

பிறகு விளக்கினாள். நாவலில் வரும் பதினோரு கட்டடங்களை நகராட்சி கதைச்சூழல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்திருக்கிறது. அவற்றில் நாவலுக்கு மாறாக எதுவும் செய்யக் கூடாது. அறிவிப்பு போன நவம்பரிலேயே அவருடைய மின்னஞ்சல் பெட்டிக்கு வந்தது. மூன்று வாரத்துக்குள் மறுப்பு வராததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆல்கோடிடம் இருந்தது ஒரே பெட்டி. வேலிக்கம்பத்தில் அடித்த தகரப் பெட்டி. அதில் நவம்பரில் விழுந்தது ஒரு மீன்கடை விளம்பரம்.

"அப்போ ஒழுகுறத நிறுத்தக் கூடாது."

"நிறுத்துறது, நிறுத்தாம இருக்கிறதுன்னு நாங்க பாக்கிறதில்ல. ஒழுகலோட சேர்ந்து எப்படி வாழலாம்னு பாக்கிறோம்."

"சேர்ந்துதான் வாழறோம். கீழ பக்கெட் வெச்சு."

பெர்நில்லா பேனாவை எடுத்தாள். "பக்கெட் என்ன நிறம்?"

"நீலம். பிளாஸ்டிக்."

அவள் முகம் வாடியது. "நாவல்ல துத்தநாக வாளி. பரவால்ல, அது எங்க பொறுப்பு." எழுதிக்கொண்டாள்.

இரண்டாவது ரொட்டியை ஆல்கோட் தொடவில்லை. அதையும் தின்றால் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்களோ என்று பயம்.

*

அவர் மனைவி டாக்னி பிப்ரவரியிலிருந்து இருமிக்கொண்டிருந்தாள். அவள் கட்டிலுக்கு நேர் மேலே மச்சுப் பலகையில் ஈரம் கோர்த்துக் கறுத்து, வருஷத்துக்கு ஒரு சாண் வளர்ந்திருந்தது. கட்டிலை நகர்த்தினால் அதுவும் பின்னாலேயே நகர்ந்தது. மருந்தால் ஆகாது, முதலில் வீட்டைக் காய வையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாள். புதுத் தகரம் கொட்டகையில் அடுக்கிக் கிடந்தது. மூன்று நாள் வேலை. பக்கத்து வீட்டு ஊவே ஏணி பிடிக்க வருகிறேன் என்று சொல்லியிருந்தான்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் டாக்னி.

"பக்கெட்ட மாத்தித் தர்றாங்களாம்."

"எல்லாம் நான் காபி குடுத்ததால வந்தது" என்றாள்.

அது உண்மைதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த எழுத்தாளர்கள் எதிர்க்கரைக் கோடை வீட்டை இரண்டு வாரம் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அப்போது புருஷன் பெண்டாட்டி. ஒரு மழைநாளில் கொர்னேலியா குடை கேட்டு வந்தாள். டாக்னி உள்ளே உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். வந்தவள் படுக்கையறைப் பக்கெட்டையே கண் கலங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். நம் கஷ்டத்துக்காக இந்தப் பெண் அழுகிறாளே என்று டாக்னி இன்னொரு கேக் துண்டு வைத்தாள். மூன்று நாள் கழித்து நல்ல வெயிலில் ஈவார் வந்து, புல்வெட்டும் மெஷினுக்குப் பெட்ரோல் கேட்டான். வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, ஆல்கோட் புதிதாகத் தகரம் போட்டிருந்த விறகுக் கொட்டகையைப் பார்த்துத் தலையாட்டினான். பெட்ரோலை வாங்கிக்கொண்டு போய்விட்டான். குடையும் வரவில்லை, பெட்ரோல் டின்னும் வரவில்லை. புத்தகம்தான் வந்தது.

ஆல்கோட் கூரைமேல் தார்ப்பாய் கட்டினார். நாலாம் நாள் ஓர் ஆள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனான். 'தார்ப்பாய் மூலநூலில் காணப்படவில்லை' என்று கடிதம் வந்தது. அவிழ்த்தார். அடுத்த வாரம் துத்தநாக வாளி வந்தது. அதன் அடியில் வரிசை எண் பொறித்திருந்தது.

அப்புறம் கூட்டம் வர ஆரம்பித்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் பதினோரு மணிக்கு ஒரு பஸ். பெர்நில்லா முன்னால் வருவாள். எல்லாரும் ஒழுங்காக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சாக்ஸ் காலோடு படுக்கையறைக்குள் நின்று, தலையைச் சாய்த்துச் சொட்டுச் சத்தம் கேட்பார்கள். டாக்னி கட்டிலில் போர்வையை மோவாய்வரை இழுத்துக்கொண்டு படுத்திருப்பாள். ஒரு ஜெர்மன்காரர், பிணம் கிடந்த இடம் எது என்று கேட்டு அதே இடத்தில் படுத்துப் பார்த்தார். முதுகு பிடித்துக்கொண்டது. ஆல்கோட்தான் தூக்கிவிட்டார்.

பார்வையாளர் கருத்துகளைப் பெர்நில்லா ஆசையோடு கொண்டுவந்து காட்டினாள். "பாரு ஆல்கோட், பத்துக்கு ஒம்போது குடுத்திருக்காங்க. 'பின்னணியில் கேட்கும் இருமல் அனுபவத்துக்கு ஆழம் சேர்க்கிறது.'"

"அது என் பொண்டாட்டி."

"அப்படியா. ரொம்ப இயல்பா இருந்துச்சு."

ஜூலையில் மழை இல்லை. பதினேழு நாள் வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. டாக்னி முதல்முறையாக இருமாமல் தூங்கினாள். பதினெட்டாம் நாள் கடிதம் வந்தது. 'உங்கள் சொத்தில் ஒழுகல் குறைபாடு இருப்பதாக இரண்டு பார்வையாளர்கள் தெரிவித்துள்ளனர். காரணத்தை விளக்கவும்.'

ஆல்கோட் அதே கடிதத்தின் பின்பக்கத்தில் 'வெயில்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

ஆகஸ்ட் முதல் வாரம் மழை பிடித்தது. ஒரு வியாழக்கிழமை பதினோரு மணி பஸ் போன பிறகு டாக்னி எழுந்து பெட்டியை எடுத்துத் துணிமணிகளை அடுக்கினாள்.

"எங்க கிளம்பற?"

"உமேயோவுக்கு. அக்கா வீட்டுக்கு."

"எத்தன நாளைக்கு?"

"அதக் கூரைகிட்ட கேளு."

"நீ சரின்னு ஒரு வார்த்த சொல்லு. எவனையும் கேக்காம நாளைக்கே பிரிச்சு மாத்திடறேன்."

"ஊவே சன்னல் வெச்சதுக்கு என்ன ஆச்சு? புத்தகத்துல இல்லன்னு பிரிச்சுட்டு மறுபடி சுவரு வைக்கச் சொன்னாங்க. வெச்சானா இல்லியா? நீ தகரம் போடுவ, அவங்க பிரிக்கச் சொல்வாங்க, அப்ப மேல பழைய ஓடும் இருக்காது." பெட்டியின் பூட்டை அழுத்தினாள். "இங்க பாரு கிழவா. பனி விழறதுக்குள்ள கூரை காஞ்சா வர்றேன். காயலன்னா அங்கயே ஒரு ரூம் பாத்துக்கிறேன். அந்தப் புத்தகத்துல இந்த வீட்டுக்கு ஒரு பொணம் போதும்."

பஸ் நிறுத்தம்வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அவள் பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்த பிறகு சன்னலைத் தட்டி, "துணி காயப் போட்டிருக்கேன், எடுத்து வை" என்றாள். வீட்டுக்கு வந்து எடுத்துவைத்தார். ஈரமாகத்தான் இருந்தது.

*

ஆல்கோட் அதுவரை முழுசாகப் படித்த புத்தகம் ஒன்றே ஒன்று. படகு எஞ்சினோடு வந்தது. அதில் ஒரு வரி தப்பாக இருந்தால் எஞ்சின் ஓடாது என்பதால் அதை நம்பினார். இப்போது நகராட்சியை ஜெயிக்க வேறு வழி தெரியாமல், நூலகத்தில் நாவலை எடுத்து வந்து சமையலறை மேஜையில் வைத்து, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பக்கம் என்று ஆரம்பித்தார்.

கஷ்டமாகத்தான் இருந்தது. அந்தப் போலீஸ்காரப் பெண் தூங்கவே மாட்டேன் என்கிறாள். குளிர்ந்துபோன காபியைக் கையில் வைத்துக்கொண்டு சன்னல் வழியே கடலைப் பார்க்கிறாள். முந்நூறு பக்கமாக அவள் ஒரு கவளம் சாப்பிடவில்லை. இப்படி இருந்தால் எவனைப் பிடிப்பாள் என்று ஆல்கோடுக்கு எரிச்சல் வந்தது. ஊரில் எல்லாருக்கும் ஒரு ரகசியம் இருந்தது. நிஜ ஸ்கார்விக்கில் ரகசியம் வைத்துக்கொள்ள இடம் கிடையாது. வைத்தாலும் ஊவே சொல்லிவிடுவான்.

பதினாலாம் அத்தியாயத்தில் அவர் கை நின்றது.

'புதுத் தகரக் கூரை வெயிலில் மின்னியது. இந்த வீட்டுக்குள் ஒரு சொட்டுகூட விழுந்ததில்லை.'

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அதே வீடு, அதே பிணம். தச்சுப் பென்சிலை எடுத்து வரியின் ஓரமாகக் கோடு இழுத்தார். பிறகு முதலிலிருந்து புரட்டினார். ஒன்று, மூன்று, ஐந்தாம் அத்தியாயங்களில் கூரை ஒழுகியது. இரண்டு, நாலு, ஆறில் கூரைப் பேச்சே இல்லை. பதினைந்தில் மறுபடி ஒழுகியது. பதினாறில் காய்ந்து கிடந்தது. கூரை மட்டுமில்லை. செத்தவனுக்கு ஒற்றைப்படையில் மீசை இருந்தது, இரட்டைப்படையில் இல்லை. போலீஸ்காரியின் நாய் ஒன்பதாம் அத்தியாயத்தில் செத்துப்போய், பத்தாம் அத்தியாயத்தில் அவளோடு நடைபோனது.

உமேயோவுக்குப் போன் போட்டார்.

"புத்தகத்துலயே கூரைய மாத்திட்டாங்க" என்றார்.

"யாரு?" என்றாள் டாக்னி.

"இரட்டைப்படை."

"ஆல்கோட், சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

பெர்நில்லாவிடம் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோது நாலு ரொட்டி வந்தது. அவள் பென்சில் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நூலகப் புத்தகம்" என்றாள் கடைசியில்.

"அழிச்சுடறேன். படிச்சியா?"

"படிச்சேன்."

"முப்பத்தோரு மொழியில ஒருத்தரும் பாக்கலியா?"

"பரிசுக் குழு பாத்தாங்க. அதுக்குத்தான் பரிசே குடுத்தாங்க." மடக்கி வைத்திருந்த தாளை எடுத்து வாசித்தாள். "'உண்மை என்பது அவரவர் நிற்கும் கூரை என்று இந்நாவல் துணிந்து சொல்கிறது.'"

"என் கூரைக்குக் கீழ நிக்கிறது நான்."

"அதனாலதான் ஆல்கோட், உன்னையும் கலந்தாய்வுக்குக் கூப்பிடப் போறோம்."

*

கலந்தாய்வு செப்டம்பர் கடைசியில் நூலகத்தில் நடந்தது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வட்டத்தில் உட்கார்ந்தால் எல்லாரும் சமம் என்று கணக்கு. கதவுக்கு எதிரே உட்கார்ந்தவருக்குக் குளிர்காற்று அடிக்கும். அங்கே ஆல்கோடை உட்காரவைத்தார்கள். அவருக்குப் பக்கத்து நாற்காலிகளில் நகராட்சி ஆட்கள் ஒன்பது பேர். வட்டத்தின் இந்தப் பக்கக் கடைசியில் கொர்னேலியா, அந்தப் பக்கக் கடைசியில் ஈவார். வட்டத்துக்குக் கடைசி கிடையாது என்பார்கள். அவர்கள் இரண்டு பேரும் கண்டுபிடித்து உட்கார்ந்திருந்தார்கள். விவாகரத்தாகி ஒன்றரை வருஷம் ஆகிறது.

முதலில் ஒவ்வொருவரும் இன்று எப்படி உணர்கிறோம் என்று சொல்ல வேண்டும். சுற்றி வர நாற்பது நிமிஷம் ஆனது. ஒருவர் நம்பிக்கையோடு உணர்ந்தார். ஒருவர் பணிவோடு. ஒருவர் மழைக்காலத்தில் தன் பூனைக்கு ஏற்படும் மாற்றத்தைச் சொன்னார். ஆல்கோடின் முறை வந்தது.

"குளிருது" என்றார்.

"நன்றி ஆல்கோட்" என்றாள் பெர்நில்லா. எழுதிக்கொண்டாள். கதவை யாரும் சாத்தவில்லை.

கொர்னேலியா பேசினாள். கறுப்புக் கம்பளிச் சட்டைக்குள்ளிருந்து குரல் மெதுவாக வந்தது. "ஒற்றைப்படை அத்தியாயங்கள் எல்லாம் நான் எழுதினது. ஒழுகல்ங்கிறது என்னோட பார்வை. அந்த வீட்டோட வலிய நான் உள்ள வாங்கிக்கிட்டேன். ஒரு மழைநாள்ல அங்க உக்காந்து, அந்த ஏழ்மைய, அந்த ஈரத்த அனுபவிச்சேன். கேக்கும் நல்லா இருந்துச்சு. அந்த வலிய யாரும் ரிப்பேர் பண்ண நான் ஒத்துக்க மாட்டேன். அவர் எழுதினத நான் படிக்கல. எழுத்தாளர்னா சுதந்திரம் வேணும். இன்னொருத்தர் எழுதினத ஏன் படிக்கணும்?"

ஈவார் தாடியைத் தடவினான். "இரட்டைப்படை அத்தியாயம் முழுக்க என்னுது. எங்க வேலமுறை அப்படி. ஆளுக்கு ஒரு அத்தியாயம். முதல்ல ஒருத்தருக்கொருத்தர் படிச்சுக் காட்டினோம். ரெண்டாம் அத்தியாயத்துக்கப்புறம் டிஷ்வாஷர்ல தட்ட எந்தப் பக்கம் பாத்து அடுக்கணும்னு ஒரு பேச்சு வந்துச்சு. அதுலேர்ந்து படிச்சுக் காட்டுறத நிறுத்திட்டோம். எழுத்து இன்னும் கூர்மையாச்சு. எனக்குத் தகரம் முக்கியம். தகரம் நவீனம். உலோகத்தோட மௌனம். இவங்க என் தகரத்துல ஓட்டை போடறத நான் அனுமதிக்க முடியாது."

"தட்டு உள்பக்கம் பாத்துத்தான் இருக்கணும்" என்றாள் கொர்னேலியா, கூரையைப் பார்த்துக்கொண்டு.

ஆல்கோட் கை தூக்கினார். "ஒரு கேள்வி. உங்கள்ல ஒருத்தராவது என் கூரையப் பாத்தீங்களா?"

"நான் உள்ள இருந்து பாத்தேன்" என்றாள் கொர்னேலியா.

"நான் வெளிய இருந்து" என்றான் ஈவார்.

"வெளிய இருந்து நீ பாத்தது விறகுக் கொட்டகை."

ஈவார் தாடியிலிருந்து கையை எடுத்தான். "அது ஒரு உருவகம்" என்றான்.

"பெட்ரோல் டின்னும் உருவகமா? அது வரவேயில்ல."

"ஆல்கோட்" என்று பெர்நில்லா தன் கையை அவர் தோளில் வைத்தாள். "நாம யாரு சரின்னு பாக்க இங்க கூடல. உன் பொண்டாட்டி வரணும், கூரை காயணும்னு நீ நினைக்கிற. நகராட்சிக்கு ஒழுகல் வேணும். இதுல முரண்பாடு எதுவும் இல்ல. இதுக்குப் பேரு பன்மை."

ஸ்கார்விக்கில் ஓட்டெடுப்பு கிடையாது. எல்லாரும் களைத்துப்போகும்வரை பேசுவார்கள். கடைசியாகக் களைத்தவர் சொன்னது தீர்மானம். இரண்டு முறை காபி வந்தது. ரொட்டி தீர்ந்து பிஸ்கட்டுக்கு இறங்கினார்கள். பூனைக்காரர் தூங்கிவிட்டார். பெர்நில்லா மட்டும் களைக்கவில்லை. அது அவளுடைய வேலை. நாலு மணிக்குத் தீர்மானத்தை வாசித்தாள்.

கூரையைத் தகரமாக மாற்றிக்கொள்ளலாம். அது ஈவாரின் கூரையாக இரட்டைப்படைத் தேதிகளில் காய்ந்திருக்கும். ஒற்றைப்படைத் தேதிகளில், பார்வையாளர் நேரமான பதினொன்றிலிருந்து மூன்றுவரை, கொர்னேலியாவின் ஒழுகல் தொடர வேண்டும். நிமிஷத்துக்கு நாற்பது சொட்டுக்குக் குறையக் கூடாது. இதற்கென மச்சில் குழாயும் பம்பும் அமைக்கப்படும். டெண்டர் விட்டு முடிய இரண்டு வருஷம் ஆகும். அதுவரை பொருத்தமான வழியில் ஒழுகலை உறுதிசெய்வது வீட்டுக்காரர் பொறுப்பு. இருமல் நாவலில் இல்லாததால் கட்டாயமில்லை.

"முப்பத்தொண்ணும் ஒத்தப்படை, மறுநாள் ஒண்ணும் ஒத்தப்படை" என்றார் ஆல்கோட். "ரெண்டு நாள் சேர்ந்தாப்ல ஒழுகணுமா?"

ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெர்நில்லாவின் முகத்தில் முதல்முறையாக நிஜமான மகிழ்ச்சி தெரிந்தது.

"அருமையான கேள்வி" என்றாள். "அதுக்கு ஒரு பணிக்குழு போடலாம்."

*

அக்டோபர் இரண்டாம் வாரம் ஆல்கோடும் ஊவேயும் மூன்று நாளில் கூரையை மாற்றினார்கள். நாலாம் நாள் அடுப்பை எரியவிட்டு, கறுத்த மச்சுப் பலகையைப் பெயர்த்துப் புதுசு அடித்தார். அன்று சாயந்திரமே போன் போட்டார். பதினாலாம் தேதி மத்தியானப் பஸ்ஸில் டாக்னி வந்து இறங்கினாள்.

கோட்டைக் கழற்றாமல் நேராகப் படுக்கையறைக்குப் போனாள். மேலே பார்த்தாள். சுவரில் உள்ளங்கையை வைத்தாள். மூக்கை இழுத்து முகர்ந்தாள். அவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"மரவாசன வருது" என்றாள்.

"புதுப் பலகை."

அவள் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "நாளைக்குப் பதினஞ்சு" என்றாள்.

"தெரியும்."

"என்ன செய்யப் போற?"

"பொருத்தமான வழியில உறுதிசெய்யணுமாம்."

மறுநாள் காலையிலிருந்து நல்ல மழை. பதினோரு மணிக்குப் பஸ் வந்தது. பதினெட்டுப் பேர் செருப்பைக் கழற்றி, சாக்ஸ் காலோடு காய்ந்த தரையில் நடந்து படுக்கையறைக்குள் போனார்கள். படுக்கையறைக்கு அடுத்தது சாமான் அறை. நடுவே மெல்லிய பலகைத் தடுப்பு. ஆல்கோட் அங்கே உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து, நகராட்சியின் துத்தநாக வாளியைக் கவிழ்த்து முழங்காலுக்கு நடுவே வைத்து, சூப்புக் கரண்டியால் தட்டினார். டொக். டொக். டொக். எதிரே ஆணியில் கைக்கடிகாரம் தொங்கியது. நிமிஷத்துக்கு நாற்பது.

"கேளுங்க" என்று பெர்நில்லா தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது. "ஒவ்வொரு சொட்டும் ஒரு குற்றச்சாட்டு."

பதினெட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். ஒருவர் குனிந்து தரையைத் தொட்டு, விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். "ஈரம்" என்றார். மற்றவர்களும் தொட்டார்கள். ஆமாம், ஈரம் என்றார்கள்.

மழை வலுத்தது. புதுத் தகரத்தில் விழுந்த சத்தம் வீட்டையே நிறைத்தது. சாமான் அறைக் கதவு ஒரு விரற்கடை திறந்தது. பெர்நில்லாவின் மரக் கம்மல் தெரிந்தது.

"ஆல்கோட், நிஜ மழைச் சத்தத்துல ஒழுகல் கேக்கல" என்று கிசுகிசுத்தாள். "கொஞ்சம் ஓங்கி."

கதவு சாத்திக்கொண்டது. ஆல்கோட் ஓங்கித் தட்டினார். மணி பதினொன்றரைகூட ஆகவில்லை. வாள் தீட்டித் தேய்ந்த தோள்பட்டை, எட்டு வருஷமாகச் சும்மா இருந்தது, மறுபடி வலிக்க ஆரம்பித்தது. மூன்று மணிவரை போக வேண்டும். நாளைக்கு இல்லை. நாளை மறுநாள் உண்டு. இந்த மாதம் முப்பத்தொன்று இருக்கிறது.

பின்பக்கக் கதவு வழியாக டாக்னி காபிக் கோப்பையோடு வந்தாள். ஒரு முறைகூட இருமவில்லை. அவரைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். பக்கத்து உருளைக்கிழங்கு மூட்டையில் உட்கார்ந்து, ஒரு தட்டும் தவறாமல் கரண்டியைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"நீ காபியக் குடி" என்றாள். "நான் கொஞ்ச நேரம் ஒழுகறேன்."